நோயாளி எனும் அமானிதம்



மய்யித்து வீட்டுத் திண்ணையில் அடிக்கடி நம் காதில் விழும் பேச்சு ஒன்று உண்டு. "காலையில் நன்றாகத்தான் பேசிக்கொண்டிருந்தார். ஏதோ ஊசி போட்டார்கள். லுஹருக்குள் மௌத்தாகிவிட்டார். அல்லாஹ்வின் நாட்டம்! நாம் என்ன செய்ய முடியும்?" என்பார்கள். சுற்றி இருப்பவர்கள் தலையசைப்பார்கள். அத்துடன் அந்தப் பேச்சு முடிந்துவிடும்.

ஊசிக்குப் பின் நேரும் மௌத்தெல்லாம் தவறான ஊசியால் நேர்ந்தது என்று நாம் சொல்ல வரவில்லை. நோய் முற்றிய நிலையில் எந்த மருந்தும் பலிக்காமல் போவது உண்டு. ஆனால் தவறு நடந்திருக்குமோ என்று கேட்பதே ஈமானுக்குக் குறைவு என்பதைப் போல நம்மில் பலர் நினைக்கிறார்களே, அந்த நினைப்பைப் பற்றித்தான் இம்மாதம் பேச நாடுகிறோம்.

கத்ரை ஈமான் கொள்வது பர்ளு. அதில் ஐயமில்லை. ஆனால் கத்ரைச் சொல்லிக் கவனக்குறைவை மூடுவது எந்தக் கிதாபில் இருக்கிறது? ஷாம் தேசத்தில் கொள்ளைநோய் பரவியிருக்கிறது என்ற செய்தி வழியிலேயே எட்டியபோது, ஹஜ்ரத் உமர் (ரலி) அவர்கள் படையினரை அங்கே கொண்டு செல்லாமல் திரும்ப முடிவு செய்தார்கள். அல்லாஹ்வின் விதியை விட்டா ஓடுகிறீர்கள் என்று அபூஉபைதா (ரலி) அவர்கள் கேட்டார்கள். ஆம், அல்லாஹ்வின் ஒரு விதியிலிருந்து அவனுடைய இன்னொரு விதியின் பக்கம் செல்கிறோம் என்ற கருத்தில் உமர் (ரலி) அவர்கள் விடையளித்தார்கள். புகாரியில் வரும் செய்தி இது. நோயாளிக்குத் தவறான மருந்து போகாமல் தடுப்பதும் அல்லாஹ்வின் விதிக்கு உட்பட்ட காரியம்தான்.

இனி, நம்மில் பலர் தயம்மும் பாடத்தில் ஓதிவிட்டு அப்படியே கடந்துபோகும் ஒரு ஹதீஸைச் சற்று நின்று பார்ப்போம். ஜாபிர் (ரலி) அவர்கள் அறிவித்து அபூதாவூதில் இடம்பெற்றது. ஒரு பயணத்தில் ஸஹாபாக்களில் ஒருவருக்குத் தலையில் கல் பட்டுக் காயமாயிற்று. அன்றிரவு அவருக்குக் குளிப்பு கடமையாயிற்று. தண்ணீர் படாமல் தயம்மும் செய்துகொள்ள எனக்குச் சலுகை உண்டா என்று கூட இருந்தவர்களிடம் கேட்டார். தண்ணீர் இருக்கும்போது உமக்கு அந்தச் சலுகை இல்லை என்று அவர்கள் சொல்லிவிட்டார்கள். அவர் குளித்தார். இறந்துபோனார். செய்தி நபிகள் நாயகம் (ஸல்) அவர்களுக்கு எட்டியது. அண்ணலார் கோபமுற்றார்கள். அவரைக் கொன்றுவிட்டார்கள் என்றே சொன்னார்கள். தெரியாதபோது கேட்டிருக்க வேண்டாமா, அறியாமை என்னும் நோய்க்குக் கேள்விதானே மருந்து என்ற பொருள்பட அவர்கள் கண்டித்தார்கள்.

கவனியுங்கள்! அந்தத் தோழர்கள் பகைவர்களல்லர். மார்க்கத்தில் பற்றுள்ளவர்கள், கூடவே பயணம் வந்த நண்பர்கள். அவர் சாக வேண்டும் என்று ஒருவரும் நினைக்கவில்லை. ஆயினும், "விதி முடிந்தது, விடுங்கள்" என்று அண்ணலார் சொல்லவில்லை. எங்கே தவறு நேர்ந்தது என்பதைச் சுட்டிக் காட்டினார்கள். தெரியாததைத் தெரிந்ததுபோல் உறுதியாகச் சொன்னதுதான் அங்கே உயிரைக் குடித்த தவறு.

இந்தக் காலத்தில் இத்தகைய தவறுகள் எவ்வளவு? அமெரிக்காவின் மருத்துவக் கழகம் 1999-ஆம் ஆண்டில் ஓர் அறிக்கை வெளியிட்டது. அந்நாட்டு ஆஸ்பத்திரிகளில் மருத்துவத் தவறுகளால் மட்டும் ஆண்டுக்கு 44,000 முதல் 98,000 பேர் வரை இறப்பதாக அது மதிப்பிட்டது. பணமும் கருவிகளும் நிறைந்த நாட்டின் கணக்கு இது! உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீட்டின்படி, சிகிச்சை பெறும் பத்து நோயாளிகளில் சுமார் ஒருவருக்குச் சிகிச்சையினாலேயே ஏதாவது ஒரு தீங்கு நேர்கிறது. அத்தீங்குகளில் பாதிக்கு மேல் தடுத்திருக்கக் கூடியவை. 2019 முதல் ஒவ்வொரு செப்டம்பர் 17-ஆம் நாளையும் நோயாளிகளின் பாதுகாப்பு நாளாக அந்நிறுவனம் கடைப்பிடித்து வருகிறது.

இதையெல்லாம் மேல்நாட்டார்தாம் முதலில் யோசித்தார்கள் என்று எண்ணிவிட வேண்டாம். ஹிஜ்ரி 319, அதாவது கி.பி. 931-இல் பக்தாது நகரில் ஒரு வைத்தியரின் தவறால் ஒரு மனிதர் இறந்துபோனார். செய்தி கலீபா முக்ததிரின் செவிக்கு எட்டியது. உடனே அவர், தம் அரண்மனை வைத்தியரான ஸினான் இப்னு ஸாபித் சோதித்துச் சான்று தந்தாலன்றி எவரும் வைத்தியம் பார்க்கக் கூடாது என்று ஆணையிட்டார். நகரின் இரு கரைகளிலுமாக எண்ணூற்று அறுபதுக்கும் மேற்பட்டவர்கள் சோதனைக்கு வந்தார்கள் என்று மருத்துவர் வரலாற்றை எழுதியவர்கள் குறிக்கிறார்கள்.

அந்தச் சோதனைக்கு நல்ல உடை உடுத்திய, மதிப்பான தோற்றமுள்ள ஒரு முதியவரும் வந்தாராம். தமக்கு எழுதப் படிக்கச் சரியாக வராது, பிழைப்பைக் கெடுத்துவிட வேண்டாம் என்று கெஞ்சினாராம். ஸினான் சிரித்துவிட்டு, "தெரியாத நோயில் கை வைக்கக் கூடாது, எளிய நோய்க்கன்றி ரத்தம் எடுக்கவோ பேதிக்குக் கொடுக்கவோ கூடாது" என்ற நிபந்தனையுடன் அனுமதித்தார். சர்பத்து வகைகளைத் தாண்டி நான் எதுவும் கொடுத்ததே இல்லை என்றாராம் முதியவர்! மறுநாள் ஓர் இளைஞர் வந்தார். யாரிடம் கற்றீர் என்று கேட்டால், நேற்று வந்தவர்தாம் என் தந்தை என்றார்! படிக்கும்போது நமக்கும் சிரிப்பு வருகிறது. ஆனால் தம் எல்லையை அறிந்து சர்பத்தோடு நின்றுகொண்ட அந்த முதியவர், எல்லாம் தெரியும் என்று துணிந்து ஆளைக் கொன்ற வைத்தியரைவிட மேலானவர் அல்லவா?

பிற்காலத்தில் சந்தைகளையும் தொழில்களையும் மேற்பார்த்த முஹ்தஸிப்மார்களுக்காக எழுதப்பட்ட ஹிஸ்பா நூல்களில் ஓர் ஒழுங்கு காணப்படுகிறது. வைத்தியர் நோயாளியிடம் கண்டதையும், எழுதிய மருந்தையும் ஒரு தாளில் குறித்து அதன் படியை வீட்டாரிடம் கொடுத்துவிட வேண்டும். நோயாளி இறந்துவிட்டால் வீட்டார் அத்தாளைத் தலைமை வைத்தியரிடம் கொண்டுபோய்க் காட்டலாம். மருந்து முறைப்படி இருந்ததா, தவறினாரா என்று அவர் பார்த்துச் சொல்வார். இன்று ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் 'கேஸ் ஷீட்' கேட்டுப் பாருங்கள், எத்தனை மாடி ஏற வைக்கிறார்கள் என்று தெரியும்.

நம் ஃபுகஹாக்கள் இவ்விஷயத்தில் வகுத்த மஸ்அலா நுட்பமானது. வைத்தியத்தில் அறியப்படாத ஒருவர் வைத்தியம் செய்தால் நேரும் கேட்டுக்கு அவரே ளாமின், அதாவது பொறுப்பாளி என்ற கருத்தில் வரும் ஹதீஸ் அபூதாவூத், நஸாயீ, இப்னு மாஜா ஆகிய கிதாபுகளில் உள்ளது. இதை அடிப்படையாக வைத்து, ஹிஜ்ரி 751-இல் மறைந்த இமாம் இப்னுல் கய்யிம் அவர்கள் தம் ஸாதுல் மஆத் நூலில் வைத்தியர்களை ஐந்து வகையாகப் பிரிக்கிறார்கள். தொழில் தெரிந்தவர், அனுமதி பெற்று, முறைப்படி சிகிச்சை செய்தும் நோயாளி இறந்தால் அவர் மீது பொறுப்பு இல்லை. தொழில் தெரியாமல் ஏமாற்றியவர் முழுப் பொறுப்பாளி. தொழில் தெரிந்தவரின் கை தவறிவிட்டாலோ, நோயை ஆய்ந்து தீர்மானித்ததில் பிழைபட்டாலோ, நோயாளியோ வலியோ அனுமதிக்காமல் அறுவை செய்தாலோ அதற்குத் தனித்தனிச் சட்டம்.

இதில் நமக்குப் பெரிதாகப் படுவது ஒன்று. தொழில் தெரிந்தவர் அறியாமல் செய்த பிழைக்கான பெரிய இழப்பீட்டை அவர் ஒருவரே சுமப்பதில்லை. அவருடைய ஆகிலா, அதாவது குலத்தார் பகிர்ந்து சுமப்பார்கள். அல்லது பைத்துல்மால் சுமக்கும். தவறு ஒருவர் கையால் நடந்தாலும், கவனித்துத் தடுத்திருக்க வேண்டியவர்கள் பலர் என்ற உண்மை இதற்குள் இருப்பதாக நாம் விளங்குகிறோம். இன்று ஓர் ஆஸ்பத்திரியில் தவறு நடந்தால் என்ன செய்கிறார்கள்? இரவுப் பணியில் இருந்த நர்ஸை வீட்டுக்கு அனுப்புகிறார்கள். அத்துடன் விசாரணை தீர்ந்தது! ஒரே நர்ஸிடம் நாற்பது கட்டில்களை ஒப்படைத்தவர் யார்? ஒரே நிறத்து மருந்துக் குப்பிகளை ஒரே தட்டில் அடுக்கியவர் யார்? அந்தக் கேள்விகளைக் கேட்க ஆளில்லை.

2001-ஆம் ஆண்டு இங்கிலாந்தின் நாட்டிங்ஹாம் நகரில் நடந்ததைப் பாருங்கள். ரத்தப் புற்றுநோய் தணிந்துவந்த பதினெட்டு வயது இளைஞர் ஒருவர் சிகிச்சைக்கு வந்தார். அவருக்குரிய மருந்துகளில் ஒன்று முதுகுத்தண்டில் செலுத்த வேண்டியது. வின்கிரிஸ்டின் என்ற மற்றொன்று ரத்தக் குழாயில் மட்டுமே செலுத்த வேண்டியது. முதுகுத்தண்டில் போனால் உயிரைப் பறிக்கக் கூடியது. இரண்டும் ஊசிக் குழலில் அடைத்து ஒன்றாகவே வந்துவிட்டன. ஊசியைப் பிடித்திருந்த இளைய மருத்துவர் மருந்தின் பெயரைச் சொல்லிக் கேட்கவும் செய்தார். மேற்பார்த்தவர் ஆம் என்றார். அந்த மேற்பார்வையாளரோ அப்பணிக்கு வந்து சில நாள்களே ஆனவர். இளையவர் அதற்கு மேல் மறுத்துப் பேசவில்லை. மருந்து முதுகுத்தண்டில் இறங்கியது. சில வாரங்களில் அந்த இளைஞர் இறந்தார்.

அங்கே தெரியாதவர் எவருமில்லை என்று சொல்லிவிடலாம். குழலின் மேல் எழுத்து இருந்தது. பின்னர் விசாரித்தவர்கள் மனிதர்களை மட்டும் பார்க்காமல் ஏற்பாட்டையும் பார்த்தார்கள். 2007-இல் உலக சுகாதார நிறுவனம் அம்மருந்தை ஊசிக் குழலில் அடைக்காமல் சிறு பையில் கலந்து டிரிப்பாக ஏற்றும்படி எச்சரிக்கை விடுத்தது. பையிலுள்ள மருந்தை முதுகுத்தண்டில் செலுத்த எவர் கையும் போகாது. தவறே செய்யாதே என்று ஆயிரம் முறை சொல்வதைவிடத் தவறுக்கு வழியே இல்லாமல் செய்வது மேல்.

ஆனால் அந்த இளைய மருத்துவரின் மௌனம் நம் நெஞ்சை உறுத்துகிறது. ஏனெனில் அந்த மௌனத்திற்கு நம் மார்க்கத்தில் தெளிவான விடை இருக்கிறது.

ஒருநாள் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் நான்கு ரக்அத் தொழுகையில் இரண்டு ரக்அத்திலேயே ஸலாம் கொடுத்துவிட்டு எழுந்து, பள்ளியிலிருந்த ஒரு மரத்தில் சாய்ந்து நின்றார்கள். கூட்டத்தில் அபூபக்ர் (ரலி), உமர் (ரலி) இருவரும் இருந்தார்கள். ஆனால் மரியாதையும் அச்சமும் மேலிட்டு அவர்கள் வாய் திறக்கவில்லை. நீண்ட கைகளை உடையவர் என்பதால் துல்யதைன் என்று அழைக்கப்பட்ட ஒருவர்தாம் எழுந்து, தொழுகை குறைக்கப்பட்டு விட்டதா, அல்லது தாங்கள் மறந்துவிட்டீர்களா என்று கேட்டார். இரண்டும் இல்லை என்றார்கள் அண்ணலார். அவர் விடவில்லை. அண்ணலார் மற்றவர்களிடம் விசாரித்தார்கள். அவர் சொல்வது உண்மைதான் என்றார்கள். உடனே எஞ்சிய ரக்அத்துகளைத் தொழுது ஸஜ்தா ஸஹ்வு செய்தார்கள். இதிலிருந்து கிளைக்கும் ஃபிக்ஹு மஸ்அலாக்களில் மத்ஹபுகளின் வேறுபாடு உண்டு. அது இங்கே நம் பேச்சல்ல. ஸித்தீக்கும் ஃபாரூக்கும் மௌனமாக இருந்த சபையில் ஒரு சாதாரண மனிதர் கேட்டார். கேட்டது கண்டிக்கப்படவில்லை என்பதே நமக்கு வேண்டியது. நானும் உங்களைப் போல் மறக்கும் மனிதனே, மறந்தால் நினைவூட்டுங்கள் என்ற கருத்தில் வேறொரு சந்தர்ப்பத்தில் அண்ணலார் சொன்னதும் புகாரியில் இருக்கிறது.

இமாம் எவ்வளவு பெரிய ஆலிமாக இருந்தாலும், பின்னால் நிற்கும் மஃமூம் "ஸுப்ஹானல்லாஹ்" என்று சொல்லித் திருத்த வேண்டும். இது ஏளனம் அல்ல, ஒழுக்கம். ஐந்து வேளையும் இந்தப் பயிற்சியை நாம் பெறுகிறோம். ஆனால் ஆபரேஷன் தியேட்டரில் பெரிய டாக்டர் இடது காலுக்குப் பதில் வலது காலில் கத்தி வைக்கப் போனால், பக்கத்தில் நிற்கும் நர்ஸுக்கு வாய் திறக்கத் துணிவு வருமா? திறந்தால் அவள் வேலை நிலைக்குமா?

இதற்காகவே 2008-இல் உலக சுகாதார நிறுவனம் பத்தொன்பது அம்சங்கள் கொண்ட ஒரு பட்டியலை வெளியிட்டது. மயக்க மருந்துக்கு முன், கத்தி வைக்குமுன், நோயாளியைத் தியேட்டரிலிருந்து வெளியே கொண்டுவருமுன் என மூன்று இடங்களில் நின்று வாய்விட்டுச் சொல்லிச் சரிபார்க்க வேண்டும். நோயாளி யார், எந்த உறுப்பு, எந்த ஆபரேஷன், ஒத்துக்கொள்ளாத மருந்து உண்டா, பஞ்சும் ஊசியும் கருவிகளும் எண்ணிக்கை சரியா என்பவை அதில் அடங்கும். தியேட்டரில் இருப்போர் ஒவ்வொருவரும் தம் பெயரையும் பணியையும் சொல்ல வேண்டும் என்பதும் ஒன்று. தன் பெயரை ஒரு முறை சொன்னவருக்கு அடுத்து ஐயத்தைச் சொல்லவும் நாக்கு எழும் அல்லவா! புதுதில்லி, அம்மான் உள்ளிட்ட எட்டு நகரங்களின் ஆஸ்பத்திரிகளில் இதை நடைமுறைப்படுத்திப் பார்த்தார்கள். ஆபரேஷனுக்குப் பின் இறந்தோர் நூற்றுக்கு 1.5-லிருந்து 0.8 ஆகக் குறைந்ததாக 2009-இல் வெளியான முடிவு கூறியது. புது மருந்து இல்லை. புது எந்திரமும் இல்லை. ஒரு தாளும், கேட்கும் துணிவும், கேட்டால் கோபிக்காத மனமும்தான்.

கடன் கொடுக்கல் வாங்கலை எழுதி வைக்கும்படி அல்லாஹு தஆலா பகரா சூராவில் ஆணையிட்டிருக்கிறான். திருமறையின் மிக நீண்ட ஆயத்து அதுவே. சாட்சியருள் ஒருவர் தவறினால் மற்றவர் நினைவூட்ட வேண்டும் என்ற காரணமும் அதிலேயே சொல்லப்படுகிறது. காசுக்கே இவ்வளவு பேணுதல் என்றால் உயிருக்கு? மருந்துச் சீட்டைப் படிக்க முடியாதபடி கிறுக்குவதை என்னவென்று சொல்வது? தெளிவாக, கூடுமானவரை பெரிய எழுத்துகளில் மருந்தின் மூலப் பெயரை எழுதும்படி இந்திய மருத்துவக் கவுன்சில் 2016-இல் விதியே செய்தது. சீட்டில் எழுத்து புரியாவிட்டால் மருந்துக்கடைக்காரர் ஊகித்துக் கொடுக்கக் கூடாது. டாக்டரிடம் திருப்பிக் கேட்க வேண்டும். ஊகித்துக் கொடுத்து அது சரியாகவே அமைந்தாலும், பேணுதலை விட்ட குற்றம் நீங்காது என்பது நம் கருத்து.

நம் ஊர்களுக்கே உரிய சங்கடம் ஒன்றையும் சொல்ல வேண்டும். ஒரே வார்டில் இரண்டு பாத்திமா பீவி, மூன்று முஹம்மது அலி இருப்பார்கள். "பாத்திமா பீவி யாரு?" என்று கேட்டால் மயக்கத்தில் இருப்பவர்கூட "உம்" என்பார். கட்டில் எண்ணை நம்பவும் முடியாது, கட்டில் மாறும். ஆகவே பெயருடன் பிறந்த தேதியையோ ஆஸ்பத்திரிப் பதிவு எண்ணையோ சேர்த்துப் பார்த்தே ஊசி போட வேண்டும், ரத்தம் ஏற்ற வேண்டும். கூட இருப்பவர்களும், "இது யாருக்கு? என்ன மருந்து? எதற்கு?" என்று பணிவாகக் கேளுங்கள். சாப்பிடும் மருந்துகள் அனைத்தையும், யூனானி, சித்த மருந்துகள் உட்பட, ஒரு தாளில் எழுதிக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். முன்பு எந்த மருந்தாவது ஒத்துக்கொள்ளாமல் போயிருந்தால் அதை முதல் வரியாக எழுதுங்கள். ரமளானில் நோன்பு வைக்கும் சர்க்கரை நோயாளி, மாத்திரை அளவையும் இன்சுலின் அளவையும் தாமாக மாற்றாமல் டாக்டரிடம் முன்கூட்டியே கேட்கட்டும்.

நோயாளியைச் சந்திப்பது ஸுன்னத்துதான். ஆனால் மஹல்லாவே திரண்டுபோய்க் கட்டிலில் அமர்ந்து, கை கழுவாமல் தொட்டுத் தடவி, நர்ஸுக்கு வழிவிடாமல் நிற்பது எந்த ஸுன்னத்து? கை கழுவுதல் உயிர் காக்கும் என்பதை வியன்னா நகரின் பிரசவ ஆஸ்பத்திரியில் ஸெம்மல்வைஸ் என்ற மருத்துவர் 1847-இலேயே காட்டினார். அன்று சக மருத்துவர்கள் பலர் ஏற்கவில்லை. உளூவுக்கு மணிக்கட்டு வரை கழுவிப் பழகிய நமக்கு ஏற்பதில் என்ன தடை?

இறப்பு நேர்ந்ததும் கண்ணாடியை உடைப்பதும் டாக்டரை அடிப்பதும் ஹராம். கொண்டுவந்த செய்தியை ஆய்ந்து தெளியாமல் ஒரு கூட்டத்தாருக்குத் தீங்கிழைத்துவிடாதீர்கள் என்ற கருத்தில் ஹுஜுராத் சூராவில் வரும் எச்சரிக்கை இங்கும் பொருந்தும். அடிக்குப் பயந்த ஆஸ்பத்திரி அடுத்த முறை தவறை இன்னும் ஆழமாகப் புதைக்கும். கேஸ் ஷீட்டின் படியைக் கேட்டு வாங்குங்கள், வேறொரு மருத்துவரிடம் காட்டுங்கள், தவறு தெரிந்தால் முறைப்படி வழக்கிடுங்கள்.

கடைசியாக, வைத்தியத் தொழிலில் இருக்கும் நம் சகோதர சகோதரிகளுக்கு ஒரு மஸ்அலா. தவறு நடந்துவிட்டது, வீட்டாருக்குத் தெரியாது. தனிமையில் தவ்பா செய்தால் போதுமா? போதாது. இது அல்லாஹ்வின் ஹக்கு மட்டுமல்ல, அடியாரின் ஹக்கும்கூட. தவறுதலாக ஓர் உயிர் போனதற்குரிய சட்டத்தை அன்னிஸா சூராவில் 92-ஆம் ஆயத்து சொல்கிறது. கஃப்பாராவும் உண்டு, குடும்பத்தாருக்கு இழப்பீடும் உண்டு, குடும்பத்தார் தர்மமாக விட்டுக்கொடுத்தால் இழப்பீடு நீங்கும். விட்டுக்கொடுக்கும் உரிமை அவர்களுடையது. நடந்ததே தெரியாதவர்கள் எதை விட்டுக்கொடுப்பார்கள்? "ஏதாவது தவறு செய்திருந்தால் மன்னித்துவிடுங்கள்" என்று பொதுவாகச் சொல்லி வாங்கும் மன்னிப்பு, எதை மன்னிக்கிறோம் என்று தெரியாததால், நம் ஷாபிஈ மத்ஹபின் வலுவான சொல்லின்படி செல்லாது. ஆகவே நடந்ததை நடந்தபடி வீட்டாரிடம் சொல்ல வேண்டும். சொல்ல விடாமல் தடுக்கும் நிர்வாகிகள் அந்த மறைப்பின் பாவத்தில் பங்காளிகள்.

கஃப்பாராவைப் பொறுத்தவரை, அடிமையை விடுதலை செய்வதற்கு இன்று வழியில்லாததால் இரண்டு மாதம் தொடர் நோன்பே எஞ்சுகிறது. தம் கையால் மருந்தைச் செலுத்தியவருக்கும், தவறாக எழுதிக் கொடுத்துக் காரணமானவருக்கும் ஷாபிஈ மத்ஹபில் கஃப்பாரா உண்டு. காரணமாக மட்டும் இருந்தவருக்கு ஹனஃபீ மத்ஹபில் கஃப்பாரா இல்லை, இழப்பீட்டுப் பொறுப்பு மட்டுமே. எது தவறு, எது நோயின் இயல்பான முடிவு என்பதை நேர்மையான மருத்துவர்கள் சொன்ன பிறகே இதில் எதுவும் கடமையாகும். ஆகவே அவரவர் தம் நிலையை விவரமாக எடுத்துச் சொல்லி ஊரிலுள்ள ஆலிம்களிடம் தீர்ப்புக் கேட்டுக்கொள்ள வேண்டும். காலம் கடந்து, வாரிசுகளைத் தேடியும் எவரும் கிடைக்காத நிலையில், அவர்களுக்குரிய தொகையை அவர்கள் பெயரால் ஏழைகளுக்கு ஸதகா செய்வதுடன், பின்னர் வாரிசு வந்து கேட்டால் கொடுப்பதாகவும் நிய்யத்து வைத்துக்கொள்ள வேண்டும்.

வல்லாஹு அஃலம்.